குரங்கு வைத்த ஜன்னல்

இந்த வாரம் நான் எழுதப்போகும் ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். முதலில் மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துதான் இந்த வரியை எழுதினேன். அப்படிச் செய்த சத்தியம் செல்லாது என்று தோன்றியதால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டேன். இப்போது அண்ணாமலை நேர் எதிரே நிற்கிறது. மறுபடியும் சொல்கிறேன். சத்தியம்.

போன வாரம் விட்ட இடத்தை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் வேர்க்கடலை நிலத்து மூலையில், ஊருக்குப் பொதுவாக ஒரு சமையற்கூடம் எழும்பிக்கொண்டிருந்தது. வரைந்தவள் என் தங்கை வள்ளியின் மகள் கீதாஞ்சலி. கட்டியவர் கொத்தனார் மக்பூல் பாய். குறுக்கே நின்றவர் வள்ளியின் கணவர், என் மச்சான் கோதண்டராமன்.

சிமெண்ட் இல்லை, கம்பி இல்லை. பச்சை மண் கல், சுண்ணாம்புக் காரை, மூங்கில், பனையோலை. அடுப்பு யானை வடிவத்தில் இருக்கும். தூக்கிய துதிக்கைதான் புகைபோக்கி. போன மாதம் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு அம்மா அந்த யானையைக் கும்பிட்டு, வாயில் ஒரு வாழைப்பழம் வைத்தார். அடுப்பு வாங்கிக்கொண்டது.

காய் நறுக்கும் மேடையிலிருந்து கழுவும் தொட்டிக்கு ஒரு மூங்கில் சறுக்கு. அதில் விட்ட பூசணிக்காய் போகிற வேகத்தில் தானே எட்டுத் துண்டாகித்தான் தொட்டியில் விழும். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மூங்கில் குழாய் விசில் அடிக்கும். அதைக் கேட்டு இரண்டு பஸ் நின்றுவிட்டதாக ஊரில் சொல்கிறார்கள். தப்பு. மூன்று பஸ்.

மேடைகள் மூன்று உயரம். பிள்ளைகளுக்கு ஒன்று, உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு ஒன்று, நெட்டையர்களுக்கு ஒன்று. கண் பார்வை இல்லாத மணிவேலுக்காகச் சுவரோரம் ஒரு கயிறு. ஒரு முடிச்சு என்றால் உப்பு, இரண்டு என்றால் மிளகாய்த் தூள், மூன்று என்றால் புளி. விளக்கு அணைந்தாலும் மணிவேலின் கை தடுமாறாது.

அப்புறம் ஒரு ஜன்னல். அதுதான் இந்த வாரத்துக் கதை.

மூன்று வருடம் முன்னால் பைக் விபத்தில் வள்ளிக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு இருபது வருடம், பௌர்ணமி தவறாமல், கிரிவலம் வருகிறவர்களுக்கு அவள் கையால்தான் சாம்பார் சாதம். அதற்குப் பிறகு சக்கர நாற்காலி. பந்தியில் உயரமான மேசை போடுவார்கள், இவளுக்கு எட்டாது. நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மேலே வைப்போம் என்பார்கள், இவள் ஒப்பமாட்டாள்.

"நான் இன்னா நெல்லு மூட்டையா?" என்பாள்.

அதனால்தான் கீதாஞ்சலி அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் தட்டு வைத்து, கையில் கரண்டி கொடுத்து அளந்தாள். தரையிலிருந்து இரண்டடி நாலு அங்குலத்தில் ஜன்னல். உள்ளே வள்ளி, வெளியே வரிசை, நடுவில் சாதம். யாரும் யாரையும் தூக்க வேண்டாம்.

போன வாரம் அந்த ஜன்னல் வழியாகக் குரங்குகள் புகுந்து ஒரு தாம்பாளம் வடையைத் தூக்கிக்கொண்டு போயின. வெள்ளிக்கிழமை கீதாஞ்சலி வேங்கிக்கால் ஆபீசுக்குப் போயிருந்தாள். மக்பூல் பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். கோதண்டராமன் தானே கல் அடுக்கி, தானே காரை பூசி, ஜன்னலை அடைத்துவிட்டார்.

சாயங்காலம் வந்து பார்த்த மகள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வள்ளி மட்டும் போனை எடுத்து ஓசூரில் இருக்கும் மகன் முருகவேலைக் கூப்பிட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினாள்.

"நாளைக்குப் பௌர்ணமி. மொத கரண்டி என் கையால போட்டா நான் இங்கியே இருக்கேன். இல்லன்னா வண்டிய எடுத்துக்கினு வா, உன் கூடவே வந்துடறேன். நாலு செவுத்துக்குள்ள உக்காந்து வேடிக்கை பாக்கறதுக்கு எந்த ஊரா இருந்தா இன்னா?"

"ரெண்டு மணிக்கெல்லாம் வந்துடறேம்மா," என்றான் முருகவேல்.

கோதண்டராமன் சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இனி சனிக்கிழமை.

காலை ஆறு மணிக்கு மக்பூல் பாயும் அவர் மனைவி பீபி ஜானும் டி.வி.எஸ். வண்டியில் வந்து இறங்கினார்கள். பீபி ஜான் கை மணம் திருவண்ணாமலை முழுக்கத் தெரியும். பௌர்ணமிச் சமையலில் வள்ளிக்கு இணை அவர் ஒருவர்தான். பூசணிக்காய் நறுக்க மணிவேல் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான்.

பாய் சுவரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இன்னாது இது? நேத்து அடைச்ச ஜன்னலு தொறந்துகினு கீது?"

அடைத்த கற்கள் ஓரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. உதிர்ந்த காரையைக் கூட்டி ஒரு சாக்கில் கட்டியிருந்தது. ஜன்னல் விளிம்பு புதுப் பூச்சோடு ஈரமாகப் பளபளத்தது.

சத்தம் கேட்டு கோதண்டராமன் வந்தார். துண்டை இரண்டு கையிலும் சுற்றிப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"குரங்குதான்," என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே. "நான்தான் சொன்னேனே. இந்த ஊர் குரங்கு சும்மா இருக்காதுன்னு."

"குரங்கு எதுக்குண்ணே செவுத்தப் பேக்குது?"

"நக்கிப்பூட்டிருக்கும்."

"காரையவா?"

மச்சான் பதில் தேடி யானை அடுப்பைப் பார்த்தார். யானை ஒன்றும் சொல்லவில்லை. பாய் வாயைத் திறந்தார். பீபி ஜான் அவர் காலை ஓங்கி மிதித்தார்.

"ஆமாங்க. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்," என்றார் பீபி ஜான். "செவுத்துக்கு ஊறவெச்ச தண்ணியில வெல்லம் ஜாஸ்தி போட்டுட்டேன்."

அந்தத் தப்பைப் பற்றி நான் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புக் காரை இறுகுவதற்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்ப்பது கொத்தனார்களின் பழக்கம். அந்தப் பானையைச் சமையற்கூடத்துக்குள் வைத்தார்கள். கொத்தனார்கள் மட்டும் நடமாடும் இடமாக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இங்கே நடமாடியவர்கள் சமையல்காரர்கள். சமையல்காரர் கண்ணெதிரே ஒரு பானை திறந்திருந்தால் விரல் தானாக உள்ளே போகும்.

முதல் நாள் பீபி ஜான் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். "அய்யே, துவர்க்குது. இனிப்பு கம்மி," என்று இரண்டு அச்சு வெல்லம் போட்டார். பின்னால் வந்த வள்ளி ருசி பார்த்து இரண்டு போட்டாள். காய் வாங்கிவந்த எல்லம்மாள் நாலு போட்டாள். மூன்றாம் நாள் யாரோ ஏலக்காய் தட்டிப் போட்டார்கள். நாலாம் நாள் முந்திரி வறுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது பாய் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அதற்குள் இருபத்தைந்து கிலோ வெல்ல மூட்டை காலி. அந்தத் தண்ணீரில் குழைத்த காரையைத்தான் மச்சான் வெள்ளிக்கிழமை பூசினார்.

சனிக்கிழமை விடியும்போது நாற்பத்து மூன்று குரங்குகள் வந்தன. வரிசையில் நின்றன. கிரிவலப் பாதைக் குரங்குகளுக்கு வரிசை என்றால் என்னவென்று தெரியும், பௌர்ணமிக்குப் பௌர்ணமி பார்க்கின்றனவே. ஒவ்வொன்றும் மூன்று நக்கு நக்கிவிட்டு அடுத்ததற்கு இடம் விட்டது. சர்க்கரை வியாதியுள்ள கிழக் குரங்கு ஒன்று மட்டும் ஒதுங்கி நின்றதைக் கண்ணால் பார்த்தேன். காரை கரைந்தது. கல் தெரிந்தது. கல்லை எடுத்து ஓரமாக அடுக்கின. குப்பையைக் கூட்டிச் சாக்கில் கட்டின. போய்விட்டன.

நான் சொன்ன இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பாய் ரசமட்டத்தை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். குமிழி ஆடாமல் நடுவில் நின்றது.

"நாப்பது வருசமா பூச்சுக் கரண்டி புடிக்கிறேன். இந்தக் குரங்கு கிடைச்சா சொல்லுங்கண்ணே, என் கூட வேலைக்கு வெச்சிக்கிறேன்."

"ஏன் பாய், நீ வேற," என்று மச்சான் துண்டை இன்னும் இறுக்கினார்.

மணிவேல் பூசணிக்காயிலிருந்து முகத்தைத் தூக்கினான். "அஞ்சு மணிக்கு நான் வரும்போதே உள்ள தட்டுற சத்தம் கேட்டுச்சி. குரங்கு ரெண்டு வாட்டி இருமிச்சி."

"குரங்கு இருமுமா?"

"இருமிச்சிங்க. அப்புறம் 'முருகா'ன்னுச்சி."

"இந்த மலையில இருக்கிற குரங்குக்கு பக்தி ஜாஸ்தி," என்றேன் நான்.

கோதண்டராமன் என்னை ஒரு பார்வை பார்த்தார். முப்பத்தைந்து வருடச் சம்பந்தத்தில் அவர் என்னை நன்றியோடு பார்த்தது அன்றைக்குத்தான்.

கீதாஞ்சலி எட்டு மணிக்கு வந்தாள். இரவெல்லாம் தூங்காத முகம். அப்பாவிடம் என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவள், ஜன்னலைப் பார்த்து அதையெல்லாம் மறந்து நின்றாள். பையிலிருந்து டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அளந்தாள்.

"ரெண்டடி நாலு இஞ்சு."



"அப்பா, குரங்கு டேப்பு புடிச்சி அளந்திருக்கு."

"படிச்ச குரங்கா இருக்கும்," என்றார் அவர்.

அவள் வரைபடம் ஆணியில் தொங்கியது. கட்டட வேலை தொடங்கிய நாளிலிருந்து, 'இந்தக் கோடெல்லாம் எனக்கு எங்கம்மா புரியுது?' என்று சொல்லிச் சொல்லியே அதைத் திரும்பிப் பார்க்காதவர் கோதண்டராமன். இப்போது அந்தத் தாளில், ஜன்னல் வரைந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஒரு பெருவிரல் ரேகை. அளவு எழுதிய எண்ணின் அடியில் நகத்தால் கோடு இழுத்த தடம்.

கீதாஞ்சலி தாளைக் கையில் எடுத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அதை மடிக்காமல் அதே ஆணியில் மாட்டினாள்.

"குரங்கு மறுபடி உள்ள வராம இருக்க மூங்கில்ல ஒரு கதவு பண்ணலாம்ப்பா. மேல தூக்கி மாட்டற மாதிரி. நேத்தே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நேத்து நான் யாரையும் கேக்கல," என்றார் அவர். மூங்கில் குவியல் பக்கம் நடந்துகொண்டே, "மூங்கில் நான் அறுத்துத் தர்றேன்," என்றார்.

"கையக் காட்டுங்க மொதல்ல."

"கைக்கு இன்னா? மூங்கிலப் பாரு நீ."

வெட்டவெளியில் வெயில் ஏறிவிட்டது. யானை அடுப்பில் தீ மூட்டினார்கள். துதிக்கை வழியாகப் புகை போனது. மூன்று உயர மேடையிலும் ஆள் நிறைந்தது. எல்லம்மாளின் பேத்திகள் சின்ன மேடையில் வெங்காயம் உரித்து ஊரையே அழவைத்தார்கள். பீபி ஜான் பருப்பைக் கடைந்தார். கோதண்டராமன் முழங்கையாலேயே மூங்கிலை அணைத்துப் பிடித்து அறுத்துக்கொண்டிருந்தார். அப்படி அறுப்பது ஒரு புது முறை என்று என்னிடம் விளக்கினார்.

பத்து மணிக்கு வள்ளி வந்தாள். வாசலில் படி இல்லை, சரிவு. தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். ஜன்னலுக்கு எதிரே போய் நிறுத்தினாள். வெளியே பார்த்தாள். பாதை தெரிந்தது, அதில் நடக்கிறவர்களின் முகம் தெரிந்தது. கையை நீட்டினாள். முழங்கை விளிம்பில் அளவாகப் பதிந்தது.

"இத யாரு தொறந்தது?"

"குரங்குங்க," என்றார்கள் ஆறு பேர் ஒரே குரலில்.

வள்ளி ஈர விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "நல்ல கை," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு சாம்பார்ப் பொடி டப்பாவைக் கேட்டாள்.

இரண்டு மணிக்கு முருகவேலின் கார் வந்தது. பையன் இறங்கி, அம்மாவை நேரே பார்க்காமல் அப்பாவைத் தேடினான். அவர் மூங்கில் குவியலுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். உள்ளே எட்டிப் பார்த்தவன், இரண்டு ஆள் உயரம் ஆவி பறக்கும் அண்டாவையும், அதன் பக்கத்தில் புடவை நுனியை இடுப்பில் செருகி உப்பு சரிபார்க்கும் அம்மாவையும் பார்த்தான்.

"கெளம்பலாமாம்மா?"

"நாலு மணிக்குக் கேளு. இப்ப அந்தப் பாக்குமட்டைத் தட்டெல்லாம் தொடச்சி வை."

அவன் ஓசூரில் அறுபது பேருக்கு மேலாளர். முந்நூறு தட்டு துடைத்தான்.

நாலு மணிக்குப் பாதையில் கூட்டம் கட்டியது. கீதாஞ்சலி மூங்கில் கதவை மேலே தூக்கி மாட்டினாள். உள்ளே வள்ளி, மடிக்குப் பக்கத்தில் அண்டா, கையில் நீளக் கரண்டி. வெளியே வரிசை நீண்டு வளைந்தது. முதல் ஆளாக நிற்க வந்தவர்களைப் பீபி ஜான் விடவில்லை. கோதண்டராமனின் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலுக்கு நேரே நிறுத்தினார்.

"மொத தட்டு அண்ணனுக்கு."

"எனக்கு எதுக்கு? பசி இல்ல. நடந்து வர்றவங்களுக்குப் போடு."

"தட்டப் புடிங்க," என்றாள் வள்ளி.

"பசி இல்லன்னு சொல்றேன்."

"கைய நீட்டுங்க."

வேறு வழியில்லை. துண்டை அவிழ்த்து இரண்டு கையையும் ஜன்னலுக்குள் நீட்டினார். சுண்ணாம்பு தின்ற கைகள். விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. நகக்கண்ணில் காரை. உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்து, இரண்டு இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. காலையிலிருந்து அந்தக் கையோடுதான் மூங்கில் அறுத்திருக்கிறார்.

வள்ளி கரண்டியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் முன்கூட்டியே எடுத்துவைத்திருந்த சின்னக் கிண்ணத்தைத் தூக்கினாள். தேங்காய் எண்ணெய். ஒவ்வொரு விரலாக, அவசரப்படாமல் தடவினாள். முந்நூறு பேர் காத்திருந்தார்கள்.

"எரியுதா?"

"இல்ல."

"குரங்கப் பாத்தா இதையும் குடுங்க," என்று மீதி எண்ணெயைக் கிண்ணத்தோடு அவர் சட்டைப் பையில் வைக்கப் பார்த்தாள். சிந்திவிடும் என்று ஜன்னல் விளிம்பிலேயே வைத்தாள். "பாவம், அதுக்கும் எரியும்."

"பாத்தா குடுக்கறேன்," என்றார் கோதண்டராமன். இரண்டு வாட்டி இருமினார்.

"இதேதான்! இதே இருமல்தான்!" என்று உள்ளேயிருந்து மணிவேல் கத்தினான். பீபி ஜான் அவன் வாயில் ஒரு வடையை வைத்து அடைத்தார்.

வள்ளி கரண்டியை எடுத்தாள். அண்டாவில் விட்டுக் கிளறி, அடியிலிருந்து ஒரு கரண்டி அள்ளி, அவர் தட்டில் போட்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் கரண்டி. யாரும் அவளைத் தூக்கவில்லை. அவர் தட்டைத் தாங்க முடியாமல் தாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்று சாப்பிட்டார். அடுத்த ஆள் வந்தார். அதற்கு அடுத்தவர் வந்தார். இருட்டும் வரை கரண்டி நிற்கவில்லை.

நிலா மலைக்கு மேலே வந்தபோது முருகவேல் காரின் பின்பக்கத்தைத் திறந்தான். 'போகட்டும், வெறும் கையோடு திரும்பப் போகிறான்' என்று நினைத்தேன். அவன் இரண்டு பெரிய பெட்டிகளை இறக்கினான். இரண்டிலும் அவன் துணிதான்.

"அம்மாவைக் கூட்டிக்கினு போக வந்தவனுக்கு எதுக்குடா ரெண்டு பொட்டி?"

"மெதுவா பேசுங்க மாமா. அப்பா காதுல விழப்போவுது," என்றான். "ஓசூருக்கு நானே திரும்பப் போறதா இல்ல. ஏன்னு மட்டும் இப்ப கேக்காதீங்க."

ஏன் என்பதை நான் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அது அடுத்த வாரம்.

தகவல் ஒன்று விட்டுப்போயிற்று. சுவருக்கென்று மக்பூல் பாய் வாங்கிவந்த அந்த இருபத்தைந்து கிலோ வெல்ல மூட்டை, சமையற்கூடத்துப் பரணில்தான் இருக்கிறது. வாயில் போட்ட தையல் இன்னும் பிரிக்கப்படவில்லை.